குறியிட்டவன் பொறுப்பு

இங்கிலாந்து நாட்டின் பழங்குடும்பங்கள் பலவற்றில் வெள்ளிப் பாத்திரங்கள் வழிவழியாகக் கைமாறி வருவதுண்டு. பாட்டனார் காலத்துக் காபிக் கெண்டி, பாட்டியார் தம் திருமணத்தில் பெற்ற கரண்டிகள், விருந்து நாள்களில் மட்டும் பெட்டியினின்று வெளிவரும் தட்டுகள் என அவை பலவகைப்படும். இத்தகைய பாத்திரம் ஒன்றைக் கையிலெடுக்கும் விவரமறிந்தவர் அதன் அழகைப் பார்ப்பதற்கு முன்பே அதைக் கவிழ்த்துப் பார்ப்பார். அடிப்புறத்திலோ காம்பின் பின்புறத்திலோ நெல்மணி அளவே உள்ள நான்கைந்து குறிகள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து நோக்கினால் நடக்கும் சிங்கம், சிறுத்தையின் தலை, தனித்து நிற்கும் ஓர் எழுத்து, சிலவற்றில் அரசரின் முகம், இவற்றோடு ஒருவருடைய பெயரின் முதலெழுத்துகள் ஆகியவை தென்படும். இந்த முதலெழுத்துகளையே செய்தவர் குறி என்று வழங்குகின்றனர்.

இக்குறிகளைப் படித்தறிவது இன்று ஒரு தனிக்கலையாகவே வளர்ந்துள்ளது. சார்லஸ் ஜேம்ஸ் ஜாக்சன் என்பவர் 1905ஆம் ஆண்டில் ஆங்கிலப் பொற்கொல்லர்களின் குறிகளைத் தொகுத்துப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். இதுபோன்ற நூல்களைப் புரட்டுவோர் பெரும்பாலும் இரண்டு விடைகளைத் தேடுகின்றனர்: இதன் விலை என்ன? இதன் வயது என்ன? இரண்டும் தவறான வினாக்கள் அல்ல. ஆயினும், நாம் இங்கே சிந்திக்க விழைவது மூன்றாவதான ஒரு வினாவை. தன் கையினின்று வெளியேறும் ஒரு பொருளின் மீது மனிதன் தன் குறியை ஏன் இடுகிறான்? அது பெருமையின் வெளிப்பாடா, உரிமையின் அடையாளமா, அல்லது வேறு ஏதேனுமா? திருமுழுக்கினால் குறியிடப்பெற்ற மக்களாகிய நமக்கு இவ்வினா அயலானதன்று.

வரலாற்றிலிருந்து தொடங்குவோம். 1300ஆம் ஆண்டில் மன்னர் முதலாம் எட்வர்டு ஒரு சட்டம் இயற்றினார். வெள்ளிப் பாத்திரம் எதுவும் நாணய வெள்ளியைவிட மாற்றுக் குறைந்ததாய் இருத்தலாகாது. பொற்கொல்லர் சங்கத்தின் கண்காணிப்பாளர்கள் மாற்றுப் பார்த்துச் சிறுத்தைத் தலையைப் பொறித்த பின்னரே அது கொல்லரின் கையினின்று வெளியேற வேண்டும் என்பது அதன் சாரம். ஆயிரம் பங்கில் 925 பங்கு தூய வெள்ளி என்பதே அந்த மாற்று. தூய வெள்ளி மிகவும் மென்மையானது ஆதலின், உறுதிக்காகச் சிறிது செம்பு சேர்ப்பது முறையே. ஆனால், அந்தச் சிறிது எவ்வளவு என்பதில்தான் ஏமாற்றுக்கு இடமிருந்தது. வாங்குபவரின் கண்ணுக்கு நல்ல வெள்ளியும் கலப்பு வெள்ளியும் ஒன்றுபோலவே பளபளக்கும்.

மாற்றுப் பார்க்கும் முறையும் அறியத்தக்கது. பாத்திரத்தினின்று சிறிதளவு வெள்ளியைச் சுரண்டி எடுத்து நிறுத்து, காரீயத்தோடு சேர்த்து, எலும்புச் சாம்பலால் ஆன சிறு கிண்ணத்தில் வைத்து உலையில் இடுவர். ஈயமும் செம்பும் சாம்பலுக்குள் இறங்கிவிட, வெள்ளி மட்டும் ஒரு சிறு மணியாக எஞ்சி நிற்கும். முன்னைய நிறைக்கும் பின்னைய நிறைக்கும் உள்ள வேறுபாடு கலப்பின் அளவைக் காட்டிவிடும். மாற்றுக் குறைந்த பாத்திரம் எத்துணை வேலைப்பாடு உடையதாயினும் உடைக்கப்படும். இறைவாக்கினர் மலாக்கி தம் நூலின் மூன்றாம் அதிகாரத்தில், ஆண்டவரை வெள்ளியைப் புடமிட உலையருகில் அமர்ந்திருப்பவராகக் காட்டுவதை இங்கே நினைவுகூரலாம். புடமிடுபவர் எழுந்து போய்விடுவதில்லை, அமர்ந்திருக்கிறார்.

1363ஆம் ஆண்டில் மற்றொரு சட்டம் வந்தது. ஒவ்வொரு கொல்லரும் தமக்கெனத் தனிக்குறி ஒன்று வைத்திருக்க வேண்டும். அது கண்காணிப்போருக்குத் தெரிந்ததாய் இருத்தல் வேண்டும். எழுத்தறிவு அரிதாயிருந்த காலம் ஆதலின் தொடக்கத்தில் பல குறிகள் உருவங்களாகவே இருந்தன. எழுத்துகள் பிற்பாடே பரவின. இச்சட்டத்தின் நோக்கத்தை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கலைஞனுக்குப் புகழ் சேர்ப்பதற்காக அச்சட்டம் எழவில்லை. பாத்திரத்தில் குற்றம் காணப்பட்டால் எவருடைய கதவைத் தட்டுவது என்பதற்காகவே எழுந்தது.

இதற்கு 1478ஆம் ஆண்டில் தோன்றிய ஆண்டெழுத்து இன்னும் தெளிவான சான்றாகும். அவ்வாண்டு முதல் லண்டனில் பாத்திரங்கள் பொற்கொல்லர் சங்க மண்டபத்திற்கே கொண்டுவரப்பட்டு முத்திரையிடப்பட்டன. மண்டபத்தில் இடப்பட்ட அம்முத்திரையே ஹால்மார்க் என்னும் சொல்லுக்கு வழிவகுத்தது. அப்போது ஆண்டுக்கோர் எழுத்து என இருபது எழுத்துகள் சுழற்சி முறையில் பயன்படலாயின. பொற்கொல்லரின் பாதுகாவலராகிய புனித டன்ஸ்தான் திருநாளாம் மே 19ஆம் நாள் புதிய கண்காணிப்பாளர்கள் பொறுப்பேற்க, எழுத்தும் மாறும். இந்த எழுத்தைக் கொண்டே இன்று நாம் ஒரு கரண்டியின் வயதைக் கூறுகிறோம். ஆனால், பின்வருவோர் வயதைக் கணக்கிட வேண்டும் என்று எண்ணி எவரும் அதைப் பொறிக்கவில்லை. மாற்றில் பிழை தெரியவந்தால் எந்த ஆண்டில் எவர் சோதித்தார் என்று கண்டுபிடித்து அவரைக் கேள்வி கேட்பதற்காகவே பொறித்தனர். சோதிப்பவரும் சோதனைக்கு உட்பட்டவரே என்பது அதன் பொருள். பிறரை அளக்கும் பணியில் இருப்போர் அனைவரும், திருப்பணியாளர்களாகிய நாமும், இந்த ஒற்றை எழுத்தின்முன் சற்று நின்று செல்வது நல்லது.

இனி, செய்தவர் குறிக்கு வருவோம். இக்குறி அமைந்த பாத்திரத்தை அக்குறிக்கு உரியவரே தம் கையால் செய்தார் என்று கருதுவது இயல்பு. உண்மை அவ்வாறு இல்லை. ஹெஸ்டர் பேட்மன் என்னும் அம்மையாரை எடுத்துக்கொள்வோம். 1760ஆம் ஆண்டில் கணவரை இழந்த இவர், மறு ஆண்டிலேயே லண்டன் பொற்கொல்லர் மண்டபத்தில் தம் குறியைப் பதிவு செய்தார். தம் பெயரை முழுமையாக எழுதவும் அவர் அறியார். ஆயினும் அவருடைய இரண்டெழுத்துக் குறியைத் தாங்கிய கரண்டிகளும் கெண்டிகளும் அடுத்த முப்பது ஆண்டுகளில் பெருந்தொகையாக வெளிவந்தன. அவற்றுள் ஒவ்வொன்றையும் அவரே தட்டி உருவாக்கினார் என்பதற்கில்லை. மக்களும் தொழிலாளரும் அப்பட்டறையில் உழைத்தனர். எழுதத் தெரியாத கைம்பெண் ஒருவர் அவர்கள் அனைவருக்காகவும், ‘இதற்கு நான் பொறுப்பு’ என்று நின்றார். அவருடைய குறியின் பொருள் அதுவே.

இதனை உணர்ந்தே போலும், பிரிட்டனின் 1973ஆம் ஆண்டுச் சட்டம் இக்குறிக்குச் செய்தவர் குறி என்னும் பெயரை விடுத்து, பொறுப்பேற்பவரைக் குறிக்கும் ‘ஸ்பான்சர்’ என்னும் சொல்லை ஆண்டது. சோதனைக்கு அனுப்புபவர் எவரோ அவருடைய குறி அது. செய்த கை வேறாக இருக்கலாம். பொறுப்பேற்கும் பெயர் ஒன்றே.

இங்கு நியாயமான ஒரு தடை எழும். உழைத்த கைகளின் பெயர் மறைய, முதலாளியின் பெயர் மட்டும் நிலைப்பது நீதியாகுமா? நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் சென்னை மவுண்ட் ரோட்டில் இயங்கிய பி. ஓர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் வெள்ளி வேலைப்பாடுகள் கடல் கடந்தும் புகழ் பெற்றன. தெய்வ உருவங்கள் புடைப்பாக அமைந்த அப்பாத்திரங்களை மேலைநாட்டார் ‘சுவாமி வெள்ளி’ என்றே அழைத்தனர். அவற்றில் நிறுவனத்தின் குறி இருக்கிறது. தகட்டின் பின்புறமிருந்து உளியால் தட்டித் தட்டி உருவங்களை எழுப்பிய ஆசாரிகளின் பெயர்கள் இல்லை.

இந்தத் தடையை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பொறுப்பேற்பது ஒரு கடன். உழைத்தவரை மதிப்பது மற்றொரு கடன். முதற்கடனைத் தீர்த்ததனால் இரண்டாவது தீர்ந்துவிடாது. தம் பெயரைப் பொறிப்பவர், குற்றம் வரும்போது மட்டுமன்றிப் புகழ் வரும்போதும் நேர்மையாய் இருத்தல் வேண்டும். பழியைப் பணியாளர்மீது தள்ளிவிட்டுப் புகழைத் தான் எடுத்துக்கொள்பவன் குறியிட்டவன் அல்லன். பிறர் உழைப்பைத் திருடியவன். பழியைத் தான் ஏற்றுப் புகழைப் பகிர்பவனே குறியிடத் தகுதியுடையவன். ஆலயம் கட்டி முடித்துக் கல்வெட்டுப் பொறிக்கும்போது நம் பங்குகளிலும் இவ்விரு கடன்களும் நினைவில் இருத்தல் வேண்டும்.

குறியைப் பொய்யாக்கியவர்களும் உண்டு. 1720ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் வெள்ளிப் பாத்திரங்களுக்கு அவுன்சுக்கு ஆறு பென்ஸ் வரி விதிக்கப்பட்டது. கொல்லர் சிலர் ஒரு சூழ்ச்சி செய்தனர். சிறிய பொருள் ஒன்றை முறைப்படி சோதனைக்கு அனுப்பி, சிறு வரி கட்டி, முத்திரை பெற்று, அம்முத்திரை உள்ள துண்டை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிய கெண்டியின் அடியில் பற்றவைத்தனர். பெரிய கெண்டி வரியும் கட்டவில்லை, சோதனைக்கும் வரவில்லை. கவிழ்த்துப் பார்த்தால் எல்லாக் குறிகளும் இருந்தன, குறிகளும் போலியல்ல. ஆயினும் பாத்திரம் பொய் சொன்னது. அக்காலத்து வெள்ளிக் கலைஞருள் தலைசிறந்தவராகப் போற்றப்படும் பால் டி லாமெரி என்பவர்கூட, 1713ஆம் ஆண்டில் தம் குறியைப் பதிவு செய்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, பாத்திரங்களை மண்டபத்துச் சோதனைக்குக் கொண்டுவராமல் விற்றார் என்று சங்கத்தின் குற்றச்சாட்டுக்கு ஆளானார். கலைத்திறம் நேர்மைக்கு ஈடாகாது.

பற்றவைத்த முத்திரையைப் பற்றிச் சற்றே ஆழமாக எண்ணிப் பார்ப்போம். வாழ்வின் ஒரு சிறு பகுதியை மட்டும் ஆண்டவரின் சோதனைக்கு நீட்டி, ஞாயிறு காலையின் ஒரு மணி நேரத்திற்கு மட்டும் முத்திரை பெற்று, அதை வாரம் முழுமையின் அடியிலும் ஒட்டிவைத்துக்கொள்கிறோம் அல்லவா? கடையின் தராசு, கூலி கொடுக்கும் கை, வரதட்சணை பேசும் நாவு ஆகியவை உலைக்கு வராமலே முத்திரையோடு உலவுகின்றன. நம்மைக் கவிழ்த்துப் பார்ப்பவர் கண்ணுக்குக் குறி மெய்யாகவே தெரியும். உலையருகில் அமர்ந்திருப்பவரை அது ஏமாற்றாது.

இதற்கு நேர்மாறாக, குறியே இல்லாத தூய பொருளும் உண்டு. 1559ஆம் ஆண்டுக்குப் பின் இங்கிலாந்தில் திருப்பலி சட்டத்திற்கு விரோதமாயிற்று. 1585ஆம் ஆண்டுச் சட்டம், வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்று அந்நாட்டில் இருப்பதையே அரசத் துரோகமாக்கியது. அந்நாள்களில் கத்தோலிக்கக் குடும்பங்களுக்காக மறைவாகச் செய்யப்பட்ட திருக்கிண்ணங்கள் சில இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றுள் பல, கிண்ணம், தண்டு, பீடம் என மூன்றாகக் கழற்றி ஒளித்துவைக்கத் தக்கவையாய்த் திருகு அமைப்புடன் உள்ளன. பலவற்றில் சிறுத்தைத் தலை இல்லை, ஆண்டெழுத்து இல்லை, கொல்லரின் குறியும் இல்லை. குறியிட்டிருந்தால் அது கொல்லரையே காட்டிக்கொடுத்திருக்கும்.

அப்படியாயின், குறியிடாத அக்கொல்லர்கள் பொறுப்பைத் தட்டிக்கழித்தார்களா? இல்லை. சட்டம் தண்டிக்கும் என்று அறிந்தும் அவர்கள் அதைச் செய்துகொடுத்தார்கள். பெயர் இல்லை; ஆனால் பொறுப்பு இருந்தது. யார்க் நகரத்து இல்லத்தரசியான புனித மார்கரெட் கிளிதரோ, குருக்களுக்குப் புகலிடம் தந்தமைக்காக 1586ஆம் ஆண்டில் கொடிய முறையில் உயிர் நீத்தார். நீதிமன்றத்தில் அவர் வழக்காட மறுத்தார். தம் பிள்ளைகள் சாட்சி சொல்லும்படி நெருக்கப்படுவதை அவர் விரும்பவில்லை. பிறர் பெயரை மறைத்துத் தம் உயிரை ஈடாக வைத்த அவரும் பொறுப்பேற்றவரே. ஆகவே குறி என்பது பொறுப்பின் அடையாளமேயன்றிப் பொறுப்பு ஆகாது. பொறுப்பின்றிக் குறி இருக்கலாம். அது அடியில் பற்றவைத்த துண்டு. குறியின்றியும் பொறுப்பு இருக்கலாம். அது மறைவிடத்தில் உயர்த்தப்பட்ட திருக்கிண்ணம்.

இப்போது நம் விசுவாசத்திற்குத் திரும்புவோம். திருமுழுக்கு, உறுதிபூசுதல், குருத்துவம் ஆகிய மூன்று அருட்சாதனங்களும் ஆன்மாவில் அழியாத முத்திரையைப் பதிக்கின்றன என்று 1547ஆம் ஆண்டில் திரிதெந்து பொதுச்சங்கம் போதித்தது. இம்முத்திரையைக் குறிக்கத் திருச்சபை ஆளும் ‘கரக்தேர்’ என்னும் கிரேக்கச் சொல், பொறிக்கப்பட்ட அச்சடையாளத்தைச் சுட்டுவது. எபிரேயர் திருமுகம் தன் முதல் அதிகாரத்திலேயே இறைமகனைத் தந்தையின் இயல்பு அச்செனப் பதிந்தவராகக் காட்ட இச்சொல்லையே ஆள்கிறது. புனித அகுஸ்தீனார், திருமுழுக்கின் முத்திரையைப் படைவீரன் உடலில் இடப்படும் குறிக்கு ஒப்பிட்டார். படையை விட்டு ஓடிப்போனவன் உடலிலும் அக்குறி இருக்கும். அவன் திரும்பி வந்தால் மறுபடியும் இடப்படுவதில்லை. ஓடியவனுக்கு அது குற்றச்சாட்டு. திரும்பியவனுக்கு அது வரவேற்பு.

நம்மீது குறியிட்டவர் எவர்? அதே எபிரேயர் திருமுகத்தின் ஏழாம் அதிகாரம், மேலான உடன்படிக்கைக்கு இயேசுவே பிணையாளி என்கிறது. புனித ஜெரோமின் பெயரோடு வழங்கும் இலத்தீன் விவிலியத்தில் அவ்விடத்தில் உள்ள சொல் ‘ஸ்போன்சோர்’ என்பதாகும். பிரிட்டனின் சட்டம் வெள்ளிக்குப் பொறுப்பேற்பவருக்குச் சூட்டிய பெயரும் இச்சொல்லின் வழிவந்ததே. நம் மாற்றுக் குறைந்தது தெரியவந்தபோது குறியிட்டவர் தம் குறியை மறுக்கவில்லை. ‘இது என் பட்டறைப் பொருள் அன்று’ என்று சொல்லவில்லை. கதவு தட்டப்பட்டபோது அவரே எழுந்து வந்து, ஈட்டைச் சிலுவையில் செலுத்தினார். மீட்பின் மறைபொருளை இதனினும் எளிதாகச் சொல்ல நாம் அறியோம்.

அதே சொல் மற்றோரிடத்திலும் வருகிறது. கி.பி. 200ஆம் ஆண்டளவில் எழுதிய தெர்த்தூலியன், குழந்தைகளின் திருமுழுக்கில் அவர்களுக்காக வாக்குறுதி தருவோரை இப்பெயராலேயே குறிப்பிட்டார். குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிக்க விரையலாகாது என்பது அவருடைய கருத்து. திருச்சபை அதை ஏற்கவில்லை. ஆயினும் அவர் கூறிய காரணங்களுள் ஒன்று நம்மை உறுத்த வேண்டும். வாக்குக் கொடுப்போர் இடர்ப்பாட்டில் அகப்படுவரே என்று அவர் அஞ்சினார். அவர்கள் இறந்து போகலாம். குழந்தை தீயவழியில் வளரலாம். அப்போது கொடுத்த வாக்கு என்னாவது? ஞானப்பெற்றோர் ஆவது இத்துணை அச்சத்திற்குரிய செயலாக ஒரு காலத்தில் கருதப்பட்டது.

இன்று நம் பங்குகளில் ஞானத்தந்தையும் ஞானத்தாயும் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகின்றனர்? வசதி படைத்த உறவினர், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர், சங்கிலி போடக்கூடியவர் என்று குடும்பங்கள் கணக்குப் பார்க்கின்றன. புகைப்படம் எடுத்தபின், அந்தக் குழந்தையின் முதல் நற்கருணை நாளும் நினைவில் இல்லாதோர் உண்டு. அவர்கள் தீயவர் அல்லர். தாம் இட்டது குறி என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. சடங்கின் தொடக்கத்தில் குரு குழந்தையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைகிறார். பின்னர்ப் பெற்றோரையும் ஞானப்பெற்றோரையும் அவ்வாறே வரையுமாறு அழைக்கிறார். அந்த நெற்றியில் விழும் விரல் பொறுப்பேற்கும் விரல். இக்குழந்தை வழிதவறினால் முதலில் என் கதவைத் தட்டுங்கள் என்பதே அச்செயலின் பொருள்.

வெள்ளியில் இட்ட குறி ஒரு வகையில் இரங்கத்தக்கது. துலக்கும் ஒவ்வொரு முறையும் வெள்ளி இம்மியளவு தேய்கிறது, குறியும் தேய்கிறது. நாள்தோறும் உணவு பரிமாறிய கரண்டியின் குறிகள் மங்கிப்போக, பெட்டியிலேயே உறங்கிய கரண்டியின் குறிகள் கூர்மை மாறாமல் இருக்கும். 1697ஆம் ஆண்டுக்கு முற்பட்ட லண்டன் பதிவேடுகள் இன்று நமக்குக் கிடைக்காமையால், தெளிவாகத் தெரியும் பழங்குறிகள் சிலவற்றுக்கும்கூட உரியவரின் பெயரை அறிய முடிவதில்லை. ஆன்மாவின் முத்திரையோ பயன்பாட்டினால் தேய்வதில்லை. அதற்குரிய பதிவேடும் தொலைவதில்லை. ஆதலால், தேய்ந்துவிடுமோ என்று அஞ்சி நம்மைப் பெட்டியில் பூட்டிவைக்க வேண்டியதில்லை. பிறருக்குப் பரிமாறப் பரிமாற அது துலங்குமேயன்றி மங்காது.

இவ்விதழைப் படிப்போருள் பலர் யாரேனும் ஒரு குழந்தைக்கு ஞானத்தந்தையாகவோ ஞானத்தாயாகவோ இருப்பீர்கள். அக்குழந்தை இன்று வளர்ந்து வேற்றூரில் வேலை தேடிக்கொண்டிருக்கலாம். ஆலயத்தின் வாசலை மிதித்துப் பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம். குடிக்கோ கடனுக்கோ அடிமைப்பட்டு, குடும்பத்தார் பெயர் சொல்லவும் கூசும் நிலையில் இருக்கலாம். அந்தப் பிள்ளையின் நெற்றியில் ஒருநாள் உங்கள் விரல் பட்டது. இந்த வாரமே அவர்களைத் தேடிச் சென்று நலம் விசாரியுங்கள்.